மே மாதத்தில் காட்டும் மலை வீட்டை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்

திருப்பூர் வீட்டை விற்று, குன்னூர் – கோத்தகிரி சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு வீடு வாங்கினோம். 48 லட்சம். பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாவற்றையும் வக்கீல் பார்த்தார், ஒரு குறையும் இல்லை. நாங்கள் ஏமாந்தது இடத்தில்.

தரகர் எங்களை அழைத்துப் போனது மே மாதம், நல்ல வெயில் நேரம். குழாயைத் திறந்துவிட்டு, "ஊற்றுத் தண்ணி சார், வருஷம் பூரா வரும்" என்றார். மேல் வீட்டு அக்கா வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி பேசப் போனபோது, "மழை வர்ற மாதிரி இருக்கு, கிளம்பலாம்" என்று தரகர் அவசரப்படுத்தினார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஜூனில் குடிவந்த மூன்றாம் நாளே குழாய் நின்றுவிட்டது. அக்காவிடம் கேட்டேன். "நீங்க பாக்க வந்த அன்னைக்குக் காலையிலதான் லாரி வந்து தொட்டியை ரொப்பிட்டுப் போச்சு, அண்ணா" என்றார். பஞ்சாயத்துத் தண்ணீர் பத்து நாளுக்கு ஒருமுறை, அரை மணி நேரம் வருகிறது. சமவெளி மாதிரி நினைத்த இடத்தில் போர் போட இங்கே அனுமதியும் கிடையாது. இன்றுவரை லாரித் தண்ணீர்தான்.

தண்ணீரையாவது காசு கொடுத்துச் சமாளிக்கலாம். நவம்பரில் நடந்ததை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. இரண்டு நாள் விடாத மழையில் வீட்டுக்குப் பின்னால் இருந்த தடுப்புச் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. அடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் வந்தது. மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து வண்டிகள் நின்றுவிட்டதால் கீழேயும் இறங்க முடியவில்லை. இரண்டு ராத்திரி அக்கா வீட்டில்தான் படுத்தோம். அப்புறம் வந்து பார்த்த பொறியாளர், சரிவை நேராக வெட்டி மனை எடுத்திருக்கிறார்கள், சுவரில் தண்ணீர் வடிய ஒரு துளைகூட விடவில்லை என்றார். பழைய ஓடை ஒன்று அந்த மனை வழியாகத்தான் போயிருக்கிறது. 2009 நவம்பரில் குன்னூர் பக்கத்துக் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டி, நீலகிரி மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் நிலச்சரிவில் இறந்தார்களே, அந்த மழையிலேயே இந்தச் சரிவில் மண் இறங்கியதாம். ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நீலகிரியில் வீடு பார்க்கிறவர்கள் தயவுசெய்து மழையில் வந்து பாருங்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் என்றால் அக்டோபர், நவம்பர். கூடலூர், பந்தலூர் என்றால் ஜூலை, ஆகஸ்ட். மாவட்ட நிர்வாகம் நிலச்சரிவு அபாயம் உள்ள இடங்களாக 283 இடங்களைக் குறித்து வைத்திருக்கிறது. நீங்கள் பார்க்கும் இடம் அதில் வருகிறதா என்று தாசில்தார் அலுவலகத்தில் கேளுங்கள். தரகர் இல்லாமல் ஒருநாள் தனியாகப் போய் அக்கம்பக்கத்தில் பேசுங்கள். காட்டுமாடு எந்த வழியாக இறங்கும், கரடி எப்போது வரும் என்பதுகூட அவர்களுக்குத்தான் தெரியும்.

சுவரை இடித்துக் கட்ட ஆறு லட்சம் கேட்கிறார்கள். தரகர் என் போனை எடுப்பதில்லை. போன வாரம் எங்கள் வீட்டுக்கு நேர் கீழே உள்ள மனையை ஒரு குடும்பத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நான் இறங்கிப் போவதற்குள் அவர்களை வண்டியில் ஏற்றிவிட்டார். பச்சை கேட் போட்ட அந்த மனையைப் பார்த்துவிட்டுப் போனது நீங்களாக இருந்தால், மேலே ஏறி எங்கள் கதவைத் தட்டுங்கள். சுவரை நானே காட்டுகிறேன்.