நிக்கான் டி5600: செகண்ட் ஹேண்ட்ல டிஎஸ்எல்ஆர் வாங்க நினைக்கறவங்களுக்கு

நான் யூஸ் பண்றது நிக்கான் டி5600, டிஎஸ்எல்ஆர் அதாவது உள்ள கண்ணாடி வச்ச, லென்ஸ் மாத்திக்கற கேமரா, 2016 கடைசில வந்த மாடல், 24 மெகாபிக்சல். முடிவ முதல்லயே சொல்லிடறேன், பறவை, கோயில் திருவிழா, மேடை டான்ஸ் இந்த மாதிரி எடுக்கணும்னு ஆசை இருந்தா கண்ண மூடிட்டு வாங்கலாம். கூட வர்ற 18-55 லென்ஸ மட்டும் வச்சுகிட்டு பர்த்டே, டூர்னு எடுக்கறதுக்குன்னா வேண்டவே வேண்டாம், நல்ல போனே போதும்.

ஏன்னா டிஎஸ்எல்ஆரோட அருமையே லென்ஸ்லதான் இருக்கு. வேடந்தாங்கல் ஏரிக்கரைல நின்னு பாருங்க, கூழைக்கடாவும் நத்தை குத்தி நாரையும் தண்ணிக்குள்ள நிக்கற மரத்துல உக்காந்திருக்கும், போன்ல ஜூம் பண்ணா இறகெல்லாம் குழைஞ்சு ஈஷின மாதிரி வருது. இதுல ஏஎஃப்-பி 70-300 எம்எம் ஜூம் லென்ஸ் போட்டா, டிஎக்ஸ்ங்கற சின்ன சைஸ் சென்சாருங்கறதால ஃபுல் ஃப்ரேம் கேமராவுல 105-450 எம்எம் போட்டதுக்கு சமமான ரேஞ்ச் கிடைக்குது, இறகு தனித்தனியா தெரியுது. அதுவும் பறக்கற பறவைய வியூஃபைண்டர்ல கண்ண வச்சு ஃபாலோ பண்றது தனி சுகங்க, லென்ஸ்ல வர்ற காட்சிய உள்ள இருக்கற கண்ணாடி வழியா நேரா பாக்கறோம், துளி கூட லேக் கிடையாது, மொட்டை வெயில்லயும் தெளிவா தெரியும். வெள்ளைப் பறவைன்னா எக்ஸ்போஷர (படத்தோட வெளிச்ச அளவு) கொஞ்சம் மைனஸ்ல வச்சு ரா ஃபைலா (கேமரா ப்ராசஸ் பண்ணாத ஒரிஜினல் ஃபைல்) எடுங்க, இல்லன்னா இறகு டீட்டெயில் எல்லாம் வெளுத்துப்போயிடும்.

பேட்டரிக்கு நிக்கான் சொல்ற கணக்கு 970 ஷாட், லைவ் வியூ (பின்னாடி ஸ்க்ரீன பாத்து எடுக்கறது) போடாம வியூஃபைண்டர்லயே எடுத்தா காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் தாராளமா வருது. மிரர்லெஸ் (உள்ள கண்ணாடி இல்லாத கேமரா) வச்சிருக்கறவங்க ரெண்டு மூணு பேட்டரி தூக்கிட்டு வர்றத பாத்திருப்பீங்க.

இப்ப குறைக்கு வரேன். பாடிக்குள்ள ஃபோகஸ் மோட்டார் இல்ல, இது ரொம்ப முக்கியம். விலை கம்மியா இருக்கேன்னு பழைய 50 எம்எம் 1.8டி லென்ஸ் வாங்கிடாதீங்க, ஆட்டோ ஃபோகஸ் ஆகாது, கைலதான் திருப்பணும். ஏஎஃப்-எஸ் இல்லன்னா ஏஎஃப்-பினு போட்டிருக்கறத பாத்து வாங்குங்க, அதுல மோட்டார் லென்ஸுக்குள்ளயே இருக்கும். 70-300லயும் விஆர் (கை நடுக்கத்த சமாளிக்கற வசதி) இருக்கறது, இல்லாததுன்னு ரெண்டு இருக்கு, பேர்ல விஆர்னு இருக்கறதுதான் வேணும், அவ்ளோ தூரத்துக்கு கை நடுக்கம் அப்படியே படத்துல தெரியும்.

வீடியோக்காக வாங்காதீங்க. 4கே கிடையாது, 1080 தான், ஸ்க்ரீன பாத்து எடுக்கும்போது ஃபோகஸ் முன்னயும் பின்னயும் தேடிகிட்டே நிக்கும். நிக்கானோட ஸ்னாப்பிரிட்ஜ் ஆப் தானா போனுக்கு அனுப்பறது 2 மெகாபிக்சல் சைஸ் படம்தான், வாட்ஸ்அப்புக்கு ஓகே, பிரிண்ட் போடணும்னா ஆப்ல வைஃபை வழியா ஒரிஜினல் சைஸ் ஜேபெக்க நாமளே தேர்ந்தெடுத்து இறக்கணும், இல்லன்னா கார்ட எடுத்து கம்ப்யூட்டர்ல போடணும். வெயிட்டும் இருக்கு, பாடி பேட்டரியோட 465 கிராம், 70-300 சேந்தா கிட்டத்தட்ட 900.

சென்னை மாதிரி கடற்கரை ஊர்ல இருக்கறவங்களுக்கு இத விட பெரிய தலைவலி ஃபங்கஸ். கேமரா பேக்குள்ளயே போட்டு பீரோல மூடி வச்சா மழைக்காலம் முடியறதுக்குள்ள லென்ஸுக்குள்ள வெள்ளையா படர ஆரம்பிச்சிடும். டிரை கேபினெட் (ஈரப்பதத்த குறைச்சு வைக்கற கேமரா அலமாரி) வாங்க முடியலன்னா காத்து போகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்னதா ஒரு ஈரப்பத மீட்டர், இது மூணும் போதும், 40ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள இருக்கான்னு பாத்துக்கோங்க, ஜெல் கலர் மாறினா சூடு பண்ணி திரும்ப போடலாம். அதோட வாரம் ஒரு தடவையாவது வெளில எடுத்து நாலு போட்டோ எடுங்க.

கேனானும் நிக்கானும் மிரர்லெஸ் பக்கம் போயிட்டதால புது டிஎஸ்எல்ஆர் லென்ஸ எதிர்பாக்க வேண்டாம், ஆனா அதனாலயே நல்ல பழைய லென்ஸ் எல்லாம் செகண்ட் ஹேண்ட்ல நிறைய வருது, நம்மள மாதிரி பட்ஜெட் பாக்கறவங்களுக்கு இது நல்ல டைம். வாங்கப் போறப்ப போன் டார்ச்ச லென்ஸ் பின்பக்கம் அடிச்சு முன்பக்கமா பாருங்க, நூல் நூலா தெரிஞ்சா அது ஃபங்கஸ், விலைய எவ்ளோ குறைச்சாலும் வேண்டாம். எஃப் 22ல (லென்ஸ் துவாரத்த ரொம்ப சின்னதா வச்சு) வெறும் வானத்த ஒரு ஷாட் எடுத்தா சென்சார் தூசி புள்ளி புள்ளியா தெரியும், அது சர்வீஸ்ல கிளீன் பண்ணிக்கலாம், அதுக்கு பயப்பட வேண்டாம். ஷட்டர் கவுண்ட்டையும் (இதுவரைக்கும் எத்தனை ஷாட் எடுத்திருக்குங்கற கணக்கு) அங்கயே ஒரு ஜேபெக் எடுத்து, அந்த ஃபைல்ல பதிவாகியிருக்கறத பாத்து செக் பண்ணிட்டு அப்புறம் காசு குடுங்க.