தகரக் கூரையும் ஹை-ரெஸ் பாட்டும்: குன்னூர் அனுபவம்

லேப்டாப், அதிலுள்ள டிஜிட்டல் பாட்டை ஸ்பீக்கருக்கான மின் அலையாக மாற்றும் யூஎஸ்பி டிஏசி, சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். குன்னூரில் எங்கள் முன்னறையில் இந்த செட் சில வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. டிஏசி எப்படி என்று பலர் கேட்கிறார்கள். நன்றாக இருக்கிறது. லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் வந்த இரைச்சல் இப்போது இல்லை. அவ்வளவுதான்.

வீட்டைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். தகரக் கூரை. குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை வெளுத்து வாங்கும். அந்த நேரம் கச்சேரி போட்டால் முதலில் தம்புரா காணாமல் போகும், அப்புறம் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கம். பாடகர் உச்சஸ்தாயிக்குப் போனால் மட்டும் கேட்கும். சிடியில் ஒலியைப் பதியும் 16 பிட் அளவே மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் நடுவே ஏறக்குறைய 96 டெசிபெல் இடம் தருகிறது. மழையில் அதில் பாதிகூட நமக்கு எட்டாது. அதைவிட நுணுக்கமாகப் பதிந்த, ஹை-ரெஸ் என்கிற 24 பிட் ஃபைலை இறக்கி என்ன பண்ண?

மழை இல்லாத நாளில் அறை தன் வேலையைக் காட்டும். வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல், சிமெண்ட் தரை. கைதட்டினால் ‘ட்ரிங்’ என்று வால் நீளும். ஸ்பீக்கர்கள் மூலையில் இருந்தவரை தவில் மொத்தமும் ஒரே ‘தும் தும்’. இரண்டடி முன்னே இழுத்து, தரையில் ஜமுக்காளம் விரித்து, எதிர்ச் சுவரில் பழைய கம்பளி மாட்டினேன். வலந்தலை வேறு, தொப்பி வேறு என்று பிரிந்து கேட்டது. பைசா செலவில்லை. ‘இதென்ன துணி காயப்போடுற இடமா?’ என்ற கேள்விதான் வீட்டில் இன்னும் ஓயவில்லை.

என் மச்சானுக்கு ஹை-ரெஸ் பைத்தியம். திரையை மறைத்துவிட்டு, ஒரே ரெக்கார்டிங்கை, ஒலியில் கொஞ்சத்தை விட்டுச் சுருக்கும் எம்பி3யாகவும் (நொடிக்கு 320 கிலோபிட்), எதையும் விடாமல் சுருக்கும் ஃபிளாக்காகவும் மாற்றி மாற்றிப் போட்டேன். சொல்லாமல் எம்பி3யின் வால்யூமை மட்டும் ஒரு டெசிபெல் அளவுக்குக் கூட்டியிருந்தேன். “மாப்ளே, இதான் ஃபிளாக். குரல் எப்படி முன்னால வருது பாருங்க!” என்றார், எம்பி3யைக் கேட்டு. வால்யூமைச் சமமாக்கியதும் இருவராலும் பிரிக்க முடியவில்லை. 128 கிலோபிட்டில்தான் ஜால்ரா ஒலி குழைந்து காட்டிக்கொடுத்தது. சத்தம் ஒரு சுற்று கூடினால் தரமே கூடியதாகத் தோன்றும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். போதாததற்கு, குறைந்த வால்யூமில் நம் காது பேஸை, அதாவது கனத்த அடி ஒலியை, குறைவாகத்தான் வாங்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டிய விஷயம் இது.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்த இரவில் எதையும் ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். கிட்டத்தட்ட 1,500 மீட்டர் ஏற்றம். காது அடைத்திருந்தால் எந்த ஸ்பீக்கரும் மந்தமாகத்தான் கேட்கும்.

செட்டில் குறை என்றால் ஆம்பின் வால்யூம் குமிழ்தான். ஈரக் காற்றில் திருகும்போது கரகரக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்தால் சரியாகிவிடும். மலையில் பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் என்றால் வாங்கலாம். ஃபோம் இந்த ஈரத்தில் சீக்கிரம் நைந்துவிடும்.