எல்லா லேனுக்கும் ஏற்ற பந்து என்று சொல்லி விற்றார்கள்: போலிங் பந்து வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மலேசியாவின் பெட்டாலிங் ஜெயா, சுபாங் வட்டாரங்களில் போலிங் பழகி, இரவல் பந்தை விட்டுவிட்டு முதன்முறையாகச் சொந்தப் பந்து வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடந்த மார்ச் மாதம் ஒரு கடையில், விரல்களுக்குத் துளையிடும் கூலியையும் சேர்த்து 1,050 ரிங்கிட் கொடுத்து, 15 பவுண்டு எடையுள்ள பந்து ஒன்றை வாங்கினேன். நான் விளையாடும் மையம் எது, வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு விளையாடுகிறேன் என்பதை வாய்மொழியாகச் சொன்னேன். கடைக்காரர் அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், "இது எந்த லேனிலும் நன்றாக வளையும்" என்றார். (லேன் என்பது பந்து உருண்டோடும் பலகைத் தடம்.) அப்படி ஒரு பந்து கிடையாது என்பது எனக்கு அன்று தெரியாது. அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.

வாங்குவதற்கு முன் அதே ரகப் பந்தை வீசிப் பார்க்கக் கொடுத்தார்கள். அப்போது காலை பத்து மணி. எண்ணெய் பூசும் இயந்திரம் சற்று முன்னர்தான் அந்த லேனைக் கடந்து போயிருந்தது. பந்து நேராக வழுக்கிச் சென்று, கடைசி இருபது அடியில் பிடி கிடைத்ததும் சட்டென்று உள்ளே வளைந்து, எதிர்முனையில் முக்கோணமாக நிற்கும் பத்துப் பின்களில் முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் இடையே புகுந்தது. ஐந்து வீச்சில் மூன்று, பத்துப் பின்களையும் ஒருசேரச் சாய்க்கும் ஸ்ட்ரைக். பார்த்ததும் மயங்கிவிட்டேன்.

எங்கள் லீக் ஆட்டமோ இரவு ஒன்பது மணிக்கு. முதல் இரவே பந்து பாதித் தூரத்திலேயே வளையத் தொடங்கியது. பலகை பலகையாக இடப்பக்கம் நகர்ந்து நின்று வீசியும், பின்களை எட்டும்போது அதன் வேகமெல்லாம் வடிந்திருந்தது. சரியான இடத்தில்தான் பட்டது. ஆனாலும் நடுவிலுள்ள ஐந்தாம் பின் அசையாமல் நின்றது. வலக்கைக்காரரின் நல்ல ஸ்ட்ரைக்கில் பந்து தானாகத் தொடுவது 1, 3, 5, 9 என்ற நான்கு பின்களை மட்டுமே; மற்றவற்றைப் பின்களே ஒன்றையொன்று சாய்க்கும். ஐந்தாம் பின் நின்றால், பந்து முதல் மோதலிலேயே வலுவிழந்து வெளியே விலகிவிட்டது என்று பொருள். அன்று மூன்று ஆட்டங்களில் ஒன்பது முறை அந்தப் பின் அப்படியே நின்றது. என் கைதான் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று வாரம் என்னையே வருத்திக்கொண்டேன்.

எங்கள் குழுவில் முப்பது ஆண்டுகளாக விளையாடும் அண்ணன் ஒருவர்தான் பந்தை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை எந்த எண்ணெய்க்கு என்று வாங்கினாய்?" என்று கேட்டார். பிறகு அவர் விளக்கியதைக் கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் எனக்குச் சொல்லியிருக்கலாம். வீசுபவர் தாண்டக் கூடாத ஃபவுல் லைனிலிருந்து முதல் பின்வரை லேனின் நீளம் 60 அடி. எண்ணெய் பெரும்பாலும் முதல் 40 அடி வரைதான். ஒரு லேன் முழுவதற்கும் பூசுவது ஏறக்குறைய 20 முதல் 30 மில்லிலிட்டர்; கண்ணுக்கே தெரியாத அந்தப் படலம்தான் பந்தின் போக்கைத் தீர்மானிக்கிறது. பொதுமக்கள் ஆடும் மையங்களில் அதை நடுவில் தடித்தும் இரு ஓரங்களில் மெலிந்தும் பூசுவார்கள். ரியாக்டிவ் ரெசின் எனப்படும் பிசின் மேற்பரப்பு கொண்ட பந்துகள் ஒவ்வொரு வீச்சிலும் அந்த எண்ணெயை உறிஞ்சி எடுத்துப் போகும். காலையில் பூசியதில், நாள் முழுதும் பலர் வீசிய தடத்தில், இரவில் மிஞ்சுவது சொற்பம்.

எனக்கு விற்றது பளபளப்பில்லாமல் உரசிவிட்ட மேற்பரப்பும், சமச்சீரற்ற கனமான உட்கருவும் (பந்தினுள் இருக்கும் எடைக்கட்டி) கொண்ட பந்து. தடித்த, நீண்ட எண்ணெயிலும் பிடி கிடைக்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது அது. அந்த நிலையில் அது அருமையான பந்து என்பதை மறுக்கவில்லை. ஆனால் என் வீச்சின் வேகம் மணிக்கு 22 கிலோமீட்டர்தான். மெதுவாக வீசுபவர் காய்ந்த லேனில் அதை உருட்டினால், வழுக்க வேண்டிய தூரத்திலேயே தரையைப் பற்றி, கடைசி இருபது அடிக்கு வைத்திருக்க வேண்டிய சக்தியைச் செலவழித்துவிடும். எனக்கு வேண்டியிருந்தது பளபளப்பான, மிதமான உட்கருவுள்ள பந்து. அதே கடையில் அது 400 ரிங்கிட் குறைவாக இருந்தது.

திரும்பப் போய்க் கேட்டபோது, துளையிட்ட பந்தை மாற்ற முடியாது என்றார். பளபளப்பேற்றினால் சரியாகும் என்று சொல்லி 60 ரிங்கிட் வாங்கினார். முதல் ஆட்டம் மட்டும் கொஞ்சம் தேறியது, இரண்டாம் ஆட்டத்தில் பழைய கதைதான். அடுத்த முறை போனபோது, காய்ந்த லேனுக்கு வேறு பந்து தேவை என்று அவரே சொல்லி இன்னொன்றை எடுத்து நீட்டினார். எல்லா லேனுக்கும் ஏற்றது என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது. எனக்கு ஆத்திரம் வந்தது அந்த இடத்தில்தான்.

ஆகவே, பந்தை வீசிப் பார்ப்பதாக இருந்தால் நீங்கள் வழக்கமாக விளையாடும் மையத்தில், விளையாடும் அதே நேரத்தில் பாருங்கள். புது எண்ணெயில் காட்டுவதை நம்பிப் பணத்தை எடுக்காதீர்கள். மையத்தில் எண்ணெய் எத்தனை அடி, எப்போது பூசுகிறார்கள் என்று முகப்பில் கேட்டாலே சொல்வார்கள். உங்கள் வேகத்தைத் திரையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றையெல்லாம் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, பதில் வந்த பிறகே துளையிடச் சொல்லுங்கள். எந்தத் தேவைக்கு என்று சொல்லி வாங்குகிறோமோ, அதற்குப் பொருள் பொருந்த வேண்டும் என்று நம் நாட்டின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உத்தரவாதம் தருகிறது. ஆனால் அப்படிச் சொன்னோம் என்பதற்கு நம்மிடம் சான்று இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது ரசீதும், பளபளப்பேற்றியதற்கான சீட்டும், உடன் வந்த நண்பரின் சாட்சியமும் மட்டுமே. அவற்றை வைத்துக்கொண்டு பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன்.