சட்டைப்பையா, காதுக்குள்ளா, காதுக்குப் பின்னாலா? உப்புக்காற்றுக்குத் தாங்கும் காது மிஷின் எது

காது மிஷின் வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது "எந்தக் கம்பெனி நல்லது?" என்றுதான். ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், கீழக்கரை பக்கம் இருப்பவர்கள் கம்பெனிப் பெயருக்கு முன்னால் யோசிக்க வேண்டியது வேறு. உப்புக்காற்றும் வியர்வையும் அந்த மிஷினை என்ன செய்யும்? அதற்குள் இருக்கும் பொடி செல்லை (பேட்டரியை) யார் மாற்றுவது?

எங்கள் பக்கத்தில் காது மந்தத்துக்கு வயது மட்டும் காரணமில்லை, இன்ஜின் சத்தமும்தான். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது பொதுவான வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிவிடும். 94 டெசிபல் என்றால் ஒரே ஒரு மணி நேரம்தான். டீசல் இன்ஜினை ஒட்டி உட்கார்ந்து வள்ளம் ஓட்டுகிறவர்கள் வருஷக்கணக்கில் இந்த வரம்பைத் தாண்டியிருக்கிறார்கள். உள்காதின் நுண்ணிய முடிச் செல்கள் அழிந்தால் திரும்ப முளைக்காது. அதிலும் முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் சுற்றியுள்ள கீச்சு ஒலிகள். அதனால் பேச்சின் ஓசை கேட்கும், க, ச, த, ப போன்ற எழுத்துகள் கரைந்துபோகும். என் அப்பா சொல்வார், "சத்தம் கேக்குதுத்தா, பேச்சுதான் வெளங்கல." மீன் ஏலத்தில் நிற்கும்போது அறுபதா எழுபதா என்று அவருக்குப் பிடிபடாது. பக்கத்தில் போய்க் கத்தினால் "ஏன் கத்துற?" என்று கோபம் வரும். இப்படிப்பட்ட காதுக்கு மெல்லிய ஒலி எட்டாது, பெரிய ஒலியோ குத்தும்.

ஆகவே எல்லா ஒலியையும் ஒரே அளவில் கூட்டிக் கொடுக்கிற பொருள் இவர்களுக்கு உதவாது. ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கு வரும் 'காது மிஷின்' பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான். ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் காது சோதனை வரைபடம்) பார்த்து அமைக்காத பொருளைக் காதில் வைத்தால் பாத்திரம் விழும் சத்தமும் காற்றும் பெரிதாகும், பேச்சு மட்டும் தெளியாது. மிச்சமிருக்கும் கேள்திறனுக்கும் கெடுதல் வரலாம். இதை வாங்கும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சட்டைப்பையில் வைக்கிற பாக்கெட் மிஷினைப் பழசு என்று ஒதுக்கிவிடக் கூடாது. மைக் காதிலிருந்து தள்ளி இருப்பதால் கொய்ங் என்ற கூவல் குறைவு. பென்சில் செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். திருகும் சக்கரம் பெரிதாக இருப்பதால் காப்புக் காய்ச்சிய விரலுக்கும் பிடிபடும். ஆனால் வீட்டில் கைலியோடு இருக்கிற மனிதருக்குச் சட்டைப்பை ஏது? பெண்களோ இதைச் சிறு பையில் போட்டுக் கழுத்தில் மாட்டி, மேலே முந்தானையைப் போட்டுக்கொள்வார்கள். துணி உரசும் சரசரப்புதான் நாள் முழுக்கக் கேட்கும். காது மிகவும் மந்தமாகி, பொடி செல்லைக் கையாளவும் முடியாதவர்களுக்கு மட்டும் இது சரி.

காதுக்குள்ளேயே மறையும் சின்ன மிஷினை அதிகம் பேர் விரும்புவது, அது வெளியே தெரியாது என்பதால்தான். அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. 'செவிட்டு மிஷின்' என்று ஊர் கேலி பேசும்போது மறைக்கத் தோன்றத்தான் செய்யும். ஆனாலும் இந்தக் கரைக்கு மிகவும் பொருந்தாதது இதுதான். வியர்வையும் குறும்பியும் நேராக ஸ்பீக்கர் வாயை அடைக்கும். செல் இருப்பதிலேயே பொடிசு. கடுமையான மந்தத்துக்கு அதன் சக்தியும் போதாது.

மிச்சம் காதுக்குப் பின்னால் மாட்டுவது. இதில் இரண்டு வகை. ஒன்றில் ஸ்பீக்கரும் பின்னாலுள்ள கூட்டிலேயே இருக்கும், ஒரு குழாய் வழியாக ஒலி, அவரவர் காதின் அளவுக்கு வார்த்து உள்ளே பொருத்தும் மோல்டுக்குப் போகும். அந்த மோல்டு செய்ய, நூல் கட்டிய பஞ்சைக் காதுக்குள் வைத்து, குழைவான பசையைச் செலுத்தி, அது இறுகும்வரை சில நிமிடம் உட்கார வைப்பார்கள். இன்னொன்றில் மெல்லிய கம்பியின் நுனியில் ஸ்பீக்கரே காதுக்குள் போய்விடும். கீச்சு ஒலி மட்டும் போனவர்களுக்கு இரண்டாவது இதமாக இருக்கும், தன் குரல் தனக்கே பானைக்குள் பேசுவதுபோல் முழங்காது. கடைக் கல்லாவில் இருப்பவர், ஆசிரியர் போன்றவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். வெயிலில் வலை பின்னுகிறவர், கருவாடு காயப்போடுகிறவர் என்றால் குழாய் வகைதான். மோல்டைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். குழாய் விறைத்துப்போனால் குறைந்த செலவில் மாற்றலாம். கம்பி நுனி ஸ்பீக்கர் போனால் செலவு அதிகம்.

செல்லா, சார்ஜா என்பது அடுத்த குழப்பம். ஜிங்க்-ஏர் செல் காற்றை இழுத்து வேலை செய்வது. ஸ்டிக்கரை உரித்துவிட்டால், பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் உள்ள 13 நம்பர் செல், பழுப்பு நிற 312-ஐவிடப் பெரிது, விரலுக்கு வசதி. வீட்டில் குழந்தை இருந்தால் இந்தச் செல்களை எட்டாத இடத்தில் வையுங்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சார்ஜ் மிஷினுக்கு இந்தத் தொல்லை இல்லை, இரவு பெட்டியில் வைத்தால் போதும். மழை மாதங்களில் இரண்டு நாள் கரண்டு போனால் மட்டும் கஷ்டம். விரல் நடுங்குகிறவருக்கும் கண் மங்கியவருக்கும் சார்ஜ் வகை, அடிக்கடி வெளியூர் தங்குகிறவருக்குச் செல் வகை என்பது என் கணக்கு.

எந்த வகையானாலும் இரவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைப்பது இங்கே கட்டாயம். செல் மிஷின் என்றால் செல் கதவைத் திறந்து வையுங்கள். தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான 'ஐபி68' குறி பெட்டியில் இருப்பதை நம்பிக் கடலில் இறங்க வேண்டாம், அது நல்ல தண்ணீரில் செய்த சோதனை. இன்ஜின் ஓடும்போது மிஷினைக் கழற்றி, காதடைப்பான் போட்டுக்கொள்வதுதான் நல்லது.

இலவசமாகப் பெற வழி உண்டு. 40 சதவீத ஊனச் சான்று இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். வருமானம் குறைந்த முதியவர்களுக்கு மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் முகாம் வைத்துக் கொடுக்கிறார்கள். பிறவியிலேயே கேட்காத, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வழி வேறு: அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அது உண்டு, தாமதிக்கக் கூடாது.

சீழ் வடிகிற காதில் மோல்டு போட்டு அடைக்காதீர்கள், முதலில் ஈஎன்டி டாக்டரைப் பாருங்கள். சங்கு குளித்து ஏறியவருக்கோ வேறு யாருக்கோ திடீரென ஒரு காது அடைத்துக் கேட்காமல் போனால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது மிஷின் விஷயமே இல்லை.

ஏசி அறைக்குள் எல்லா மிஷினும் தெளிவாகத்தான் கேட்கும். பலமாக வீசும் கச்சான் காற்றில் நிற்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். அதனால் சில நாள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கத் தருவார்களா என்று கேளுங்கள். பழக எப்படியும் சில வாரம் ஆகும், இடையில் செட்டிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த விலைக்குள் எத்தனை முறை திருத்தித் தருவார்கள், குழாய் மாற்ற ராமநாதபுரத்திலேயே ஆள் உண்டா, மதுரைக்குத்தான் ஓட வேண்டுமா என்பதையெல்லாம் பணம் கொடுக்கும் முன்பே பேசி, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.