480 ரூபாய்க் கணக்குப் புத்தகத்தில் ‘போதும்’ என்பதற்கு இடமில்லை

‘கக்கேபோ’ என்னும் ஜப்பானிய முறையில் தயாரிக்கப்பட்டதாகச் சொல்லி இணையத்தில் விற்கப்படும் வீட்டு வரவு செலவுப் புத்தகம் ஒன்றைச் சென்ற ஜனவரி முதல் டிசம்பர் வரை, ஒரு நாளும் விடாமல் எங்கள் வீட்டில் பயன்படுத்தினோம். விலை 480 ரூபாய், தபால் செலவு தனி. வீட்டுக் கணக்கு எழுதுவதற்கு 480 ரூபாய் செலவிடுவது சிக்கனமா என்று என் மனைவி முதல் நாளே கேட்ட கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. இந்த மதிப்புரையை அந்தப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

வாங்கிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பாளையங்கோட்டையில் ஓர் உதவி பெறும் பள்ளியில் எழுத்தர்; மனைவி வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறார்; இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. முந்தைய ஆண்டு நவம்பரில் ஒரு ஞாயிறு ஆராதனையில், ‘போதுமென்கிற மனதுடனேகூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்’ என்ற தீமோத்தேயு நிருபத்து வசனத்தின்மேல் பிரசங்கம் நடந்தது. எல்லோரையும் போல நானும் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தபின், போதும் என்று சொல்லிவிட்டோமே, எவ்வளவு போதும் என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. சம்பளம் எவ்வளவு என்பது ரூபாய் பைசாவோடு தெரியும், மாதக் கடைசியில் கையில் ஒன்றுமிருக்காது என்பதும் தெரியும். நடுவில் நடப்பது மட்டும் தெரியாது. இந்தத் தெரியாமையை வைத்துக்கொண்டு மனநிறைவைப் பற்றிப் பேசுவது வெறும் வாய்ப்பேச்சு என்று தோன்றியதால்தான் புத்தகத்தை வரவழைத்தேன்.

முதலில் பொருளின் தரம். கெட்டி அட்டை, நூல் தைப்பு, தட்டையாக விரிகிறது, அடையாள நாடாவும் உண்டு. தாள் தடிமனானது, மைப்பேனாவில் எழுதினாலும் மறுபக்கம் ஊறவில்லை. ஆண்டு அச்சிடப்படாததால் எந்த மாதத்திலும் தொடங்கலாம். குறை என்று சொன்னால், தொகை எழுதும் கட்டம் மிகக் குறுகலானது; பள்ளிக் கட்டணம் போன்ற ஐந்து இலக்கத் தொகையை எழுதும்போதெல்லாம் அது பக்கத்துக் கட்டத்தில் ஏறி, கூட்டும்போது தவறு வருகிறது. வாரம் திங்களில் தொடங்குவதால், மாதக் கடைசி நாட்களும் அடுத்த மாதத்து முதல் நாட்களும் ஒரே பக்கத்தில் விழுகின்றன. மாதச் சம்பளக்காரனுக்கு இது பெரிய தொல்லை. மே மாதக் கணக்கை முடிக்க எனக்கு இரண்டு இரவுகள் ஆயின.

ஆனால் கட்டத்தின் அகலத்தைவிட, கட்டத்தின் தலைப்பே எங்களை அதிகம் சிரமப்படுத்தியது. இந்தப் புத்தகம் செலவுகளைத் தேவை, விருப்பம், பண்பாடு, எதிர்பாராதது என்று நான்காகப் பிரிக்கிறது. அரிசி தேவை, ஐஸ்கிரீம் விருப்பம், வார இதழ் பண்பாடு, ஆஸ்பத்திரி எதிர்பாராதது என்பது வரைக்கும் சரி. காணிக்கையை எங்கே எழுதுவது? வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகக் கொடுக்கும் தசமபாகத்தை எங்கே எழுதுவது? ஜனவரி முழுதும் நான் அதை ‘எதிர்பாராதது’ என்ற பகுதியில் எழுதி வந்தேன். மனைவி அதைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வாராவாரம்தானே வருகிறது, இதில் எதிர்பாராதது என்ன இருக்கிறது என்று சிரித்தார். அதன்பின் ‘தேவை’க்கு மாற்றினேன்; அதுவும் பொருந்தவில்லை. சங்கக் காணிக்கை, சபை விருந்தான அசனத்துக்குக் கொடுக்கும் அரிசி, சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்து மொய் ஆகியவற்றையெல்லாம் தேவை என்றும் சொல்ல முடியாது, விருப்பம் என்றும் சொல்ல முடியாது. காணிக்கையாக வந்த விளைபொருட்களைச் சபைக்காக ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில் நான் ஒரு பூசணிக்காயை 350 ரூபாய்க்கு எடுத்தேன். சந்தையில் அதன் விலை நாற்பதோ ஐம்பதோதான் இருக்கும். அந்தக் கூடுதல் 300 ரூபாய்க்கு இந்தப் புத்தகத்தில் இடமே கிடையாது; காயின் விலையை மட்டும் தேவையில் எழுதிவிட்டு, மிச்சத்தைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துவைத்தேன்.

புத்தகத்தின் முன்னுரை இதைப் பழங்கால ஜப்பானிய ஞானம் என்று சொல்கிறது. அதைச் சரிபார்க்கப் போனபோதுதான் எனக்கு அந்த ஆண்டின் மிக நல்ல செய்தி கிடைத்தது. ஜப்பானில் இவ்வகை வீட்டுக் கணக்குப் புத்தகத்தை அச்சிட்டுப் பரப்பியவர் ஹானி மோட்டோகோ. 1873-இல் பிறந்தவர், அந்நாட்டின் முதல் பெண் பத்திரிகையாளர் என்று போற்றப்படுபவர், ஞானஸ்நானம் பெற்ற புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர். அவருடைய கணக்குப் புத்தகம் 1904-இல் வெளிவந்தது. அவரும் கணவரும் தொடங்கிய பெண்கள் பத்திரிகையின் நிறுவனம் அதை இன்றும் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அந்தப் பத்திரிகையின் வாசகியர் 1930-இல் தொடங்கிய தோழியர் சங்கம் இன்றும் ஊர் ஊராகக் கூடி, குடும்பக் கணக்கு எழுதும் முறையைப் பிறருக்குக் கற்றுக்கொடுக்கிறது. பழங்காலமும் இல்லை, மர்மமான ஞானமும் இல்லை. குடும்பம் நடத்தத் தெரிந்த ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் வேலை.

ஹானி அம்மையாரின் புத்தகத்துக்கும் என் மேசையில் இருந்த புத்தகத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பனைக்காகச் சுருக்கியபோது எதை வெட்டினார்கள் என்பது அதில் தெரிகிறது. அவருடைய முறையில் சாப்பாட்டுச் செலவே பிரதான உணவு, துணை உணவு, சுவைப்பொருட்கள் என்று மூன்றாகப் பிரிகிறது; நம் கணக்கில் சொன்னால் அரிசி ஒரு பக்கம், காய்கறியும் மீனும் ஒரு பக்கம், புளி மிளகாய் உப்பு எண்ணெய் ஒரு பக்கம். பொதுக் காரியங்களுக்குக் கொடுப்பதற்கென்றே தனித் தலைப்பு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, செலவு செய்தபின் எழுதுவது அங்கே இரண்டாவது வேலைதான். ஒவ்வொரு தலைப்புக்கும் இவ்வளவு என்று முன்கூட்டியே தொகை குறித்து, அதற்குள் வாழ்வதே முதல் வேலை. என் கையிலிருந்த 480 ரூபாய்ப் புத்தகத்தில் கொடுப்பதற்கான தலைப்பும் இல்லை, முன்கூட்டிய வரம்பும் இல்லை. அவற்றுக்குப் பதிலாக ‘என் கனவுகள்’ என்ற தலைப்பில் பூ வேலைப்பாட்டோடு 14 பக்கங்கள் இருக்கின்றன.

மாதந்தோறும் புத்தகம் நான்கு கேள்விகள் கேட்கிறது: கையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு சேமிக்க விரும்புகிறீர்கள், எவ்வளவு செலவாகிறது, அடுத்த மாதம் எப்படி மேம்படுத்தலாம். பயனுள்ள கேள்விகள்தாம். ஆயினும் நாலைந்து மாதம் பதில் எழுதியபின் ஒன்று புலப்பட்டது. இந்தப் புத்தகத்தில் சேமிப்பு என்பது தள்ளிப்போடப்பட்ட செலவு. இன்று ஒரு சேலையை வாங்காமலிருப்பது, நாளை ஒரு குளிர்சாதனப் பெட்டியை வாங்குவதற்காக. சம்பளம் கூடினால் கனவுப் பக்கம் நீளும். கொஞ்சத்தில் வாழ்வதற்கு இது பயிற்சி கொடுக்கிறது, ஆனால் கொஞ்சத்தில் நிறைவாக இருப்பதற்கு இதில் ஒரு வரிகூட இல்லை.

இந்த இடத்தில், மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லியின் பிரசங்கம் ஒன்றில் வரும் கணக்கை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த மெத்தடிஸ்ட் வாலிபர் ஒருவருக்கு ஆண்டு வருமானம் 30 பவுன் (இங்கிலாந்துப் பணம்). 28 பவுனில் வாழ்ந்து 2 பவுனைக் கொடுத்தார். அடுத்த ஆண்டு வருமானம் 60 ஆனது. அப்போதும் 28-இல் வாழ்ந்து 32-ஐக் கொடுத்தார். மூன்றாம் ஆண்டு 90 வந்தபோது 62-ம், நான்காம் ஆண்டு 120 வந்தபோது 92-ம் கொடுத்தார். அந்த வாலிபர் வெஸ்லியேதான் என்று பலரும் கருதுகிறார்கள். கொடுத்த தொகையைப் பார்த்து வியப்பவர்கள் உண்டு. எனக்கோ மாறாத அந்த 28-தான் வியப்பாக இருக்கிறது. ‘போதும்’ என்ற சொல்லுக்கு அவர் ஓர் எண் வைத்திருந்தார், வருமானம் நான்கு மடங்கு ஆனபோதும் அதை அழித்து எழுதவில்லை. பிள்ளை குட்டி இல்லாத ஆக்ஸ்ஃபோர்டு வாலிபருக்கு அது எளிது என்று என் மனைவி சொன்னதையும் மறைக்காமல் பதிவு செய்கிறேன். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வருடா வருடம் ஏறும் வீட்டில் 28 என்பது 28-ஆகவே நிற்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கணக்கும் மனநிறைவும் வெவ்வேறு உலகங்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு என்று என்னிடமே சபையில் ஒரு பெரியவர் சொன்னார். புதிய ஏற்பாட்டில் பிலிப்பியர் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தை அவர் மறுபடி வாசித்தால் நல்லது. ‘எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்’ என்று அப்போஸ்தலன் பவுல் எழுதியது, எப்பாப்பிரோதீத்து என்பவரின் கையில் பிலிப்பி ஊர்ச் சபையார் அனுப்பிய உதவியைப் பெற்றுக்கொண்டதற்கான பதிலில். அந்தப் பகுதி முழுவதும் கடைவீதிச் சொற்கள் நிறைந்தது. கொடுக்கல் வாங்கல் என்கிறார், உங்கள் கணக்குக்குப் பலன் பெருக வேண்டும் என்கிறார். நம் வேதாகமத்தில் ‘எனக்கு எல்லாம் உண்டாயிருக்கிறது’ என்று வரும் இடத்தில் கிரேக்கத்திலுள்ள ‘அபெக்கோ’ என்ற சொல், எகிப்தில் கிடைத்த பழைய பாப்பிரஸ் (நாணல் தாள்) ரசீதுகளில் ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்ற பொருளில் எழுதப்பட்ட சொல். அதாவது மனநிறைவைப் பற்றி நாம் மனப்பாடமாகச் சொல்லும் வசனங்கள் ஒரு ரசீதின் நடுவே எழுதப்பட்டவை. ‘கற்றுக்கொண்டேன்’ என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. பவுலுக்கே அது பிறவிக் குணமாக வாய்க்கவில்லை.

இதைக் கூலி குறைவாகக் கொடுப்பவர்களின் வசதிக்காக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. போதும் என்று ஒருவன் தன் வாயால் தனக்குச் சொல்லிக்கொள்ளலாம்; முதலாளி தொழிலாளிக்குச் சொல்லக் கூடாது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியதும் அதே புதிய ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

மீண்டும் புத்தகத்துக்கு வருகிறேன். குறைகளை அடுக்கியதால் அது பயனற்றது என்று பொருளில்லை. கையால் எழுதும்போது தொகை மனதில் தைக்கிறது. கைப்பேசியில் பணம் செலுத்திவிட்டு மறந்துபோன சில்லறைச் செலவுகளை ராத்திரி ஒன்பது மணிக்கு ஒவ்வொன்றாக எழுதுவது, ஏறக்குறைய பாவ அறிக்கை செய்வது போல இருக்கும். பிப்ரவரி மாதம் கடைப் பலகாரத்துக்கு மட்டும் 1,900 ரூபாய் கொடுத்திருந்தோம். இருவருமே அறுநூறு எழுநூறு என்றுதான் நினைத்திருந்தோம். யாரும் பயன்படுத்தாத ஒரு சிம் கார்டுக்கு இரண்டு ஆண்டுகளாக ரீசார்ஜ் செய்து வந்ததும் அப்போதுதான் தெரிந்தது. எங்கள் செலவில் பெரும்பங்கு வாடகைக்குப் போகிறது என்பதையும் கண்ணால் கண்டோம். ‘உண்ணவும் உடுக்கவும் நமக்கு உண்டாயிருந்தால் அது போதும்’ என்ற வசனத்தில் வீட்டுக்கு இடமில்லையே என்று நான் சங்கடப்பட்டதுண்டு. உடுப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு மூடுவது, போர்த்துவது என்பதே அடிப்படைப் பொருள் என்றும், கூரையும் அதில் அடங்கலாம் என்றும் சில விளக்கவுரையாளர்கள் சொல்வதைப் படித்தபின் சற்று ஆறுதலானது.

ஜூலை முதல் நாங்களே புத்தகத்தைத் திருத்திக்கொண்டோம். ‘பண்பாடு’ என்ற தலைப்பை அடித்துவிட்டு ‘கொடுத்தது’ என்று எழுதினோம். மாத முதல் தேதியில் ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே சிவப்பு மையில் ஒரு தொகையைக் குறித்தோம். அதற்குமேல் போனால் காரணத்தை எழுத வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆகஸ்டில் மூன்று தலைப்புகளில் தாண்டினோம், அக்டோபரில் ஒன்றில். டிசம்பரில் கிறிஸ்மஸ் துணி எல்லா வரம்பையும் உடைத்தது. காரணம் எழுதும் இடத்தில் மனைவி ‘கிறிஸ்மஸ்’ என்று மட்டும் எழுதினார், நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஆகவே வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இதுவரை கணக்கே எழுதியிராத, அழகான பொருள் கையில் இருந்தால்தான் எழுத உட்காருவோம் என்று தங்களைப் பற்றி அறிந்தவர்கள் ஒரு முறை வாங்கலாம். வாரக் கூலி பெறுபவர்களுக்கு இதன் வார அமைப்பு எங்களைவிட நன்றாகப் பொருந்தும். தசமபாகம் எடுத்துவைக்கும் குடும்பங்கள் முதல் நாளே ஒரு தலைப்பை அடித்துத் திருத்த ஆயத்தமாக இருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. இந்த ஆண்டுக்கு நாங்கள் மார்க்கெட் பக்கத்து ஸ்டேஷனரிக் கடையில் 70 ரூபாய்க்கு ஒரு நீள நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டோம். தொகைக்கான கட்டத்தைத் தாராளமாக விட்டிருக்கிறோம், முதல் பத்தி ‘கொடுத்தது’, கடைசிப் பத்தி சிவப்பு மை. பழைய புத்தகத்தின் கனவுப் பக்கங்கள் 14-ம் வெறுமையாகவே இருந்ததால், மனைவி அவற்றில் தையல் வாடிக்கையாளர்களின் அளவுகளை எழுதிவருகிறார். தாள் நல்ல தடிமன் என்பதால் அந்த வேலைக்கு அது மிக நன்றாக உழைக்கிறது.