பழைய கேமரா வாங்குகிறவர்களுக்கு: உங்கள் மெமரி கார்டு உள்ளே போகாமல் பணம் வெளியே போகக் கூடாது

கையில் இருக்கிற பணத்துக்குள் அடுத்த கேமராவுக்குப் போக நினைக்கும் பலரும் கடைசியில் வந்து நிற்பது பழைய கேமராவிடம்தான். அது நல்ல வழிதான். ஆனால் அந்த வழியில் ஒரே மாதிரியான ஏமாற்று திரும்பத் திரும்ப நடக்கிறது. அப்படி ஒரு வியாபாரத்தை, பின்னால் தெரிய வந்தவற்றோடு சேர்த்து இங்கே பதிவு செய்கிறோம்.

வாங்கியவரிடம் ஏற்கெனவே இருந்தது நிக்கான் டி5300, கூட 18-55, 55-200 மிமீ என்று இரண்டு டிஎக்ஸ் லென்ஸ்கள், அதாவது சிறிய சென்சார் கேமராவுக்கானவை. அவர் வாங்கப் போனது பெரிய சென்சார் கொண்ட டி750 ஃபுல் ஃபிரேம் பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) 24-120 எஃப்/4 லென்ஸும். விற்றவர் சொன்னவை இவை: "சார், பத்தாயிரம் கிளிக்கூட ஓடல. உங்க பழைய லென்ஸ் எல்லாம் இதுலயே மாட்டும். லென்ஸ் முன்கண்ணாடியில ஒரு கீறல் இல்ல. பேட்டரி புதுசு, 128 ஜிபி கார்டு ஒண்ணு சும்மாவே தர்றேன்."

இவற்றில் எதுவும் பார்த்த பார்வைக்குப் பச்சைப் பொய்யாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றும் பாதி உண்மை போல இருந்தது. அதனால்தான் ஆள் மாட்டினார்.

முதலில் கிளிக் கணக்கு. விற்றவர் ஆதாரமாகக் காட்டியது கேமராத் திரையில் தெரிந்த கோப்பு எண்: 8412. கோப்பு எண் வேறு, ஷட்டர் இதுவரை எத்தனை முறை ஓடியது என்ற ஷட்டர் எண்ணிக்கை வேறு. நிக்கானில் கோப்பு எண் 9999 வரை போய் மறுபடி 0001-இலிருந்து தொடங்கும். மெனுவில் கோப்பு எண் வரிசையை 'ரீசெட்' செய்தாலும் ஒன்றிலிருந்து தொடங்கும். அந்த வரிசையை 'ஆஃப்' செய்து வைத்திருந்தால் கார்டை ஃபார்மேட் செய்யும்போதெல்லாம் தொடங்கும். வீட்டுக்கு வந்து, படக் கோப்புக்குள் கேமரா எழுதி வைக்கும் எக்ஸிஃப் தகவலைப் பிரித்துப் பார்த்தபோது ஷட்டர் எண்ணிக்கை 1,48,000-ஐத் தாண்டியிருந்தது. கோப்பு எண் பதினான்கு முறை முழுதாகச் சுற்றி வந்திருக்கிறது.

டி750-இன் ஷட்டர் 1,50,000 முறை ஓட்டிச் சோதிக்கப்பட்டது என்பது நிக்கானின் கணக்கு. அந்த எண்ணைத் தொட்டதும் ஷட்டர் செத்துவிடும் என்று பொருள் இல்லை. இரண்டு லட்சம் ஓடியதும் உண்டு, எண்பதாயிரத்தில் போனதும் உண்டு. ஆனால் 1,48,000 ஓடிய பாடிக்குக் கேட்கிற விலையில் ஷட்டர் மாற்றும் செலவு கழிந்திருக்க வேண்டும். இங்கே கழியவில்லை.

சரியான எண்ணை எப்படிப் பார்ப்பது? நிக்கானில் உங்கள் கார்டைப் போட்டு ஒரு ஜேபெக் எடுங்கள். அந்தக் கோப்பை அப்படியே கணினிக்கு மாற்றி எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் 'ஷட்டர் கவுண்ட்' என்ற வரியில் எண் இருக்கும். பென்டாக்ஸிலும் இதே வழிதான். ஃபியூஜியில் 'இமேஜ் கவுண்ட்' என்று இருக்கும். சோனியில் பல மாடல்களில் கிடைக்கும். கேனனில் பெரும்பாலான பாடிகளின் படக் கோப்பில் இந்த எண் இருக்காது; யூஎஸ்பி கேபிளில் இணைத்து அதற்கான மென்பொருளால் கேமராவிடமே கேட்க வேண்டும். விற்பவர் வாட்ஸாப்பில் அனுப்பும் படத்தை நம்ப வேண்டாம். அப்படி வரும்போது எக்ஸிஃப் தகவல் அழிந்துவிடும். அழியாமல் வந்தாலும் அது அதே கேமராவில் எடுத்த படம்தானா என்பது உங்களுக்குத் தெரியாது. எக்ஸிஃப்டூல் காட்டும் வரிசை எண்ணையும் பாடியில் இருக்கும் எண்ணையும் பெட்டியில் இருக்கும் எண்ணையும் ஒப்பிடுங்கள். மூன்றும் ஒன்றாக இல்லையென்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

எண்ணிக்கை குறைவாக இருப்பதும் முழுக் கதை ஆகாது. மணிக்கணக்காக வீடியோ எடுத்த பாடியில் ஷட்டர் எண் ஏறியிருக்காது. மிரர்லெஸ்ஸில் (டிஎஸ்எல்ஆர் போல உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) முழு எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தவை இயந்திர ஷட்டரைத் தேய்ப்பதே இல்லை. ஆகவே உடம்பையும் படிக்க வேண்டும். ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவின் கறுப்புப் பெயின்ட் உரிந்து உலோகம் தெரிந்தால் அது நிகழ்ச்சிகளில் உழைத்த கேமரா. ரப்பர் பிடி மட்டும் புத்தம் புதிதாகவும் பொத்தான்களின் எழுத்து மங்கியும் இருந்தால் ரப்பரை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். அடிப்பக்கத் திருகுகளின் தலையில் கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். இந்த டி750-இல் மூன்றுமே இருந்தன. துடைத்துப் பளபளவென்று வைத்திருந்ததால் வாங்கியவர் கண்ணில் படவில்லை.

டி750 தேடுகிறவர்களுக்கு இன்னொன்று. அதன் ஷட்டர் குறைபாடு பற்றி 2015 ஜூலையில் நிக்கானே அறிவித்தது. பிறகு அந்த அறிவிப்புக்குள் வரும் கேமராக்களின் வரம்பை விரிவாக்கியது. வரிசை எண் அந்த வரம்புக்குள் வருகிறதா, ஷட்டர் சரிசெய்யப்பட்டதா என்று கேட்டு வாங்க வேண்டும். டி600-இல் சென்சாரில் எண்ணெய்ப் புள்ளி தெறிக்கும் பிரச்சினை இருந்தது. டி600 மலிவாகக் கிடைப்பதற்கு அது ஒரு முக்கியமான காரணம்.

இரண்டாவது பாதி உண்மைதான் நஷ்டத்தில் பெரியது. "பழைய லென்ஸ் எல்லாம் மாட்டும்." ஆம், மாட்டும். டிஎக்ஸ் லென்ஸை மாட்டியதும் டி750 தானாகவே சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும். 24 மெகாபிக்ஸல் கேமரா 10 மெகாபிக்ஸல் படம் தரும். டி5300-இல் அதே லென்ஸ் 24 மெகாபிக்ஸல் தந்துகொண்டிருந்தது. பெரிய சென்சார் என்பதால் கிடைக்க வேண்டிய வெளிச்ச ஆதாயமும் போயிற்று, ஏனென்றால் பெரிய சென்சாரின் பெரும்பகுதி வேலையே செய்யவில்லை. கையில் இருந்த இரண்டு லென்ஸும் ஒரே நாளில் உபயோகமற்றுப் போயின. கேனனில் சிறிய சென்சாருக்கான இ.எஃப்-எஸ் லென்ஸ் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது என்பதால் அங்கே இந்த ஏமாற்று நடக்காது. நிக்கானில் மாட்டுவதுதான் வம்பு.

இந்த இடத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டியாக வேண்டும், ஏனென்றால் விற்பவர் யாரும் இதைச் சொல்ல மாட்டார். ஒரே அபர்ச்சரில் (வெளிச்சம் நுழையும் லென்ஸ் திறப்பு; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது) கிராப் சென்சாரிலிருந்து, அதாவது டிஎக்ஸ் போன்ற சிறிய சென்சாரிலிருந்து, ஃபுல் ஃபிரேமுக்குப் போனால் கிடைக்கும் ஆதாயம் சுமார் 2.25 மடங்கு, அதாவது ஒரு ஸ்டாப்பை (வெளிச்சம் இரட்டிப்பாவது) விடச் சற்றே அதிகம். அதே டி5300-இல் 18-55 கிட் லென்ஸை 55-இல் எஃப்/5.6-க்கு வைப்பதற்குப் பதிலாக 50 எஃப்/1.8 லென்ஸை மாட்டினால் உள்ளே வரும் வெளிச்சம் கிட்டத்தட்ட பத்து மடங்கு. ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்வு அளவு 6400-இல் புள்ளி புள்ளியாக வந்த படத்தை 640 அளவிலேயே எடுத்துவிடலாம். பாடி மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் 50 எஃப்/1.8 லென்ஸ் ஒரு சின்னத் தொகை. மங்கிய வெளிச்சத்தில் படம் கெடுகிறது என்பதுதான் குறை என்றால் முதலில் வாங்க வேண்டியது அதைத்தான்.

ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. 50 எஃப்/1.8டி என்ற பழைய லென்ஸ் அவற்றில் தானாக ஃபோகஸ் ஆகாது. பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருக்கும் 'ஜி' வகையைக் கேட்டு வாங்குங்கள். எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக நிக்கானின் மிரர்லெஸ் வரிசையான இசட் பாடிகளில் மாட்டினாலும் டி வகைக்கு ஆட்டோஃபோகஸ் இல்லை.

மெகாபிக்ஸலைக் காட்டி மயக்குவதும் இதே ரகம். 16-இலிருந்து 24-க்குப் போனால் எண் ஒன்றரை மடங்கு. ஆனால் படத்தின் நீளத்திலோ அகலத்திலோ கூடுவது 22 சதவீதம்தான். விவரம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் மெகாபிக்ஸல் நான்கு மடங்காக வேண்டும். விலை திடீரென்று குறைந்திருக்கும் பாடிகளில் மவுண்டையும், அதாவது லென்ஸ் மாட்டும் வாயின் வகையையும், பாருங்கள். நிக்கான் 1 வரிசை 2018-இலும் கேனன் இ.எஃப்-எம் 2023-இலும் நின்றுவிட்டன. இ.எஃப்-எம் லென்ஸைக் கேனனின் அடுத்த மிரர்லெஸ் வரிசையான ஆர்.எஃப் பாடியில் மாட்ட முடியாது. நின்றுபோன மவுண்டுக்கு வாங்கும் ஒவ்வொரு லென்ஸும் அடுத்த கேமராவுக்கு வராது.

இனி அந்த 24-120 லென்ஸ். முன்னால் ஒரு யூவி ஃபில்டர் மாட்டியிருந்தது. விற்றவர் காட்டிய கீறலற்ற கண்ணாடி அதுதான். கழற்றியபோது லென்ஸின் முன்பூச்சு தேய்ந்திருந்தது. உள்ளே ஓரத்தில் சிலந்தி வலை போலப் பூஞ்சை. எந்த லென்ஸாக இருந்தாலும் ஃபில்டரைக் கழற்றச் சொல்லுங்கள். பிறகு லென்ஸை பாடியிலிருந்து எடுத்து, பின்பக்கம் சின்ன நெம்புகோல் இருந்தால் அதை விரலால் தள்ளி அபர்ச்சர் இதழ்களைத் திறந்து, ஒரு டார்ச்சைச் சாய்வாக அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். நாலைந்து தூசு இருந்தால் கவலை வேண்டாம், படத்தில் தெரியாது. நூல் நூலாகக் கிளை பிரிந்திருந்தால் பூஞ்சை. பால் படிந்த மாதிரி ஒரே மங்கலாக இருந்தால் உட்படலம்; வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கும் படமெல்லாம் வெளுத்துப்போகும். பூஞ்சையைத் துடைத்து எடுக்கலாம், ஆனால் அது பூச்சை அரித்திருந்தால் தடம் போகாது.

கண்ணுக்குத் தெரியாத கோளாறு அபர்ச்சரில் இருக்கும். மேனுவல் மோடில், ஒரே வெளிச்சத்தில், ஒரே சுவரை மூன்று படம் எடுங்கள்: எஃப்/4-இல் 1/1000 விநாடி, எஃப்/8-இல் 1/250, எஃப்/16-இல் 1/60. மூன்று படமும் ஒரே அளவு வெளிச்சமாக வர வேண்டும். எஃப்/16 படம் மட்டும் வெளுத்து வந்தால் இதழ்களில் எண்ணெய் ஏறி அவை மெதுவாக மூடுகின்றன. பிறகு செங்கல் சுவர் போலத் தட்டையான ஒன்றை நேராக நின்று முழு அபர்ச்சரில் எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் ஒருமுறை கீழே விழுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பாடிக்கான சோதனைகள் இன்னும் சீக்கிரம் முடியும். பகல் வெளிச்சத்தில் வெளிர்ச் சுவரை 1/4000, 1/1000, 1/250 வேகங்களில் எடுங்கள். ஒரு பக்கம் இருண்ட பட்டை வந்தால் ஷட்டர் திரை திணறுகிறது. எல்இடி விளக்கடியில் இதைச் செய்யாதீர்கள், விளக்கின் துடிப்பே பட்டை போட்டுக் காட்டும். கடைக்காரரும் அதைச் சாக்காகச் சொல்வார். வாசலுக்கு வந்து எடுங்கள். அடுத்து எஃப்/16-இல் வானத்தை ஃபோகஸ் கலைத்து எடுங்கள். கறும்புள்ளி தூசு, துடைத்தால் போகும். முழு நீளத்துக்கு ஒரு கோடு ஓடினால் சென்சார் அடிபட்டிருக்கிறது, மேடை லேசர் விளக்குகளால் இப்படி ஆவதுண்டு. அதற்குத் துடைப்பு வைத்தியம் இல்லை. கடைசியாக மூடி போட்டு 30 விநாடி ஒரு படம். 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்' அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேமராவே புள்ளிகளை மறைத்துவிடும். சில வண்ணப் புள்ளிகள் இயல்பு, கொத்துக் கொத்தாக இருந்தால் வேண்டாம்.

பேட்டரி புதிதுதான், ஆனால் போலி. 100 சதவீதம் காட்டிக்கொண்டே இருந்து சட்டென்று அணைந்தது. பெட்டியோடு வந்த அசல் பேட்டரி தனியாக வேறொருவருக்கு விற்கப்பட்டிருக்க வேண்டும். இது பழக்கமான வேலை. டி750 போன்றவற்றின் மெனுவில் பேட்டரித் தகவலுக்குப் போனால் அதன் வயது 0-விலிருந்து 4 வரை காட்டும். 0 புதிது, 4 ஆயுள் முடிந்தது.

சும்மா கிடைத்த கார்டு எல்லாவற்றிலும் மோசம். கணினியில் 119 ஜிபி என்று சரியாகவே காட்டியது. 128 ஜிபி கார்டு விண்டோஸில் அப்படித்தான் காட்டும். உள்ளே உண்மையில் இருந்தது 8 ஜிபி. கார்டின் கன்ட்ரோலரில் கொள்ளளவைப் பொய்யாக எழுதிவிடுகிறார்கள். டி750-இல் கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பு ஒன்று சுமார் 28 எம்பி என்பதால் 280 படங்களுக்குப் பிறகு எடுத்த எதுவும் திறக்கவில்லை. எடுக்கும்போது கேமரா ஒரு எச்சரிக்கையும் தரவில்லை. எந்தக் கார்டு வாங்கினாலும், புதிதே ஆனாலும், விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருளால் அதை முழுதாக நிரப்பி, திரும்பப் படித்துச் சோதித்த பிறகே ஒரு நிகழ்ச்சிக்கு எடுத்துப் போங்கள். பாதி நிரப்பிச் சோதிப்பது வீண்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது நடந்தது இது. பில்லில் "யூஸ்டு கேமரா 1, லென்ஸ் 1" என்று மட்டும் இருந்தது. வரிசை எண் இல்லை. "இது நாங்க கொடுத்த பாடிதான்னு எப்படி நம்பறது?" என்றார்கள். பதில் சொல்ல வாங்கியவரிடம் ஒன்றும் இல்லை.

ஆகவே பில்லில் எழுதி வாங்க வேண்டியவை: பாடியின் வரிசை எண், லென்ஸின் வரிசை எண், அன்றைய ஷட்டர் எண்ணிக்கை, எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பது, உடன் தரும் பேட்டரி அசலா இல்லையா என்பது. "கேமராவை வந்து பார்க்கும்முன் முன்பணம் போடுங்க" என்பவரிடம் போக வேண்டாம். சோதனைக்குப் போகும்போது அந்தப் பாடி எந்தக் கார்டை ஏற்கும் என்று பார்த்து, எஸ்டியோ சிஎஃப்போ எக்ஸ்கியூடியோ, அதில் ஒன்றையும், ஒரு டார்ச்சையும், எக்ஸிஃப்டூல் போட்ட மடிக்கணினியையும் கொண்டு போங்கள். சோதனைப் படங்களை வீடு வந்ததும் அழித்துவிடாதீர்கள். வரிசை எண்ணும் ஷட்டர் எண்ணிக்கையும் தேதியும் அந்தக் கோப்புகளுக்குள்ளேயே இருக்கின்றன. திருப்பும் கெடு முடியும் வரை அவற்றைத் திருத்தாமல், பெயர் மாற்றாமல், அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்திருங்கள்.