நூறு வட்டங்களும் நெசவாளியின் விரல்களும்: வேலூரில் நாங்கள் பெற்ற கீமோ ஆலோசனை

குடியாத்தத்தில் கைத்தறி நெய்யும் என் அக்காவுக்கு வயது 54. மார்பகப் புற்றுநோய்க் கட்டியை அகற்றிய பிறகு, கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) எடுப்பதா வேண்டாமா என்ற கேள்வியோடு வேலூரில் இரண்டு இடங்களுக்குச் சென்றோம். முதல் இடத்தில், கட்டாயம் எடுக்க வேண்டும், முடி கொட்டும், பிறகு முளைத்துவிடும் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் எழுதுவது இரண்டாவது மருத்துவமனையைப் பற்றி.

அங்கிருந்த டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளில் நூறு வட்டங்களை வரைந்தார். அக்காவுக்கு அக்குளில் நான்கு நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியிருந்தது. அதே நிலையிலுள்ள நூறு பெண்கள் நோயை வளர்க்கும் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையோடு நின்றுவிட்டால், பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய 30 பேரை இந்நோய் கொண்டுபோகும் என்றும், கீமோவையும் சேர்த்தால் அது 20 ஆகக் குறையலாம் என்றும் சொல்லிப் பத்து வட்டங்களுக்கு மட்டும் மை தீட்டினார். மூன்றில் ஒரு பங்கு குறையும் என்ற அதே கணக்கு, நோய் பரவாத சிறு கட்டி உள்ளவருக்கு நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கே பயன்தரும் என்பதையும் அவரே விளக்கினார். எங்களுக்குப் பக்கத்தில் காத்திருந்த ஆம்பூர்ப் பெண்ணுக்குக் கணுக்களில் நோய் இல்லை; கட்டியின் மரபணுப் பரிசோதனையில், நோய் திரும்பும் வாய்ப்பைக் காட்டும் மதிப்பெண்ணும் குறைவாக வந்ததால், மாத்திரை மட்டும் போதும் என்று அனுப்பிவைத்தார்கள். இத்தகைய பலருக்குக் கீமோ தேவையில்லை என்று காட்டிய டெய்லர்எக்ஸ் ஆய்வு 2018இல் வெளியான பின், பலர் கீமோவின் வேதனையிலிருந்து தப்பியிருக்கிறார்கள்.

"விரல் மரத்துப்போனா தறியில எப்படி உக்கார்றது, டாக்டரம்மா?" என்று அக்கா கேட்டார். முடியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நரம்பைப் பாதிக்கக்கூடியது வாராவாரம் ஏற்றப்படும் பேக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து என்பதையும், சிலருக்கு மரப்பு மாதக்கணக்கில் நீடிக்கும், சிலருக்கு முழுமையாக நீங்காமலும் போகலாம் என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. ரவிக்கைக் கொக்கியை மாட்டச் சிரமப்படும் நாளில் உடனே சொல்லுங்கள், அளவைக் குறைப்போம் என்றார். அக்கா ஒவ்வொரு காலையும் அறுந்த இழையொன்றை முடிந்து பார்த்துத் தன்னைத் தானே சோதித்துக்கொண்டார். ஒன்பதாவது வாரம் முடிச்சு நழுவியது. சொன்னபடியே அளவைக் குறைத்தார்கள்.

பகல்நேரச் சிகிச்சைப் பிரிவின் செவிலியர்கள் பொறுமையானவர்கள். டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு நிறக் கீமோ மருந்தை ஏற்றுவதற்கு முன்பே, சிறுநீரும் சிவந்து போகும், பயப்படாதீர்கள் என்று சொல்லிவைத்தார்கள். வாந்திக்கான மாத்திரைகள் நன்றாக வேலை செய்தன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செலவின் பெரும்பகுதி அடங்கியது.

குறை ஒன்று உண்டு, அது சிறியதல்ல. முதல் சுற்றின் பத்தாம் நாள், வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் நேரத்தில், இரவு பதினொரு மணிக்கு அக்காவுக்கு 101 டிகிரி காய்ச்சல் கண்டது. 100.4ஐத் தாண்டினால் தாமதிக்காதீர்கள் என்று எச்சரித்தவர்கள் கொடுத்த தொலைபேசி எண்ணை எவரும் எடுக்கவில்லை. 30 கிலோமீட்டருக்கு மேல் வாடகைக் காரில் அழைத்துச் சென்றோம். அவசரப் பிரிவில் உடனே ஊசி போட்டார்கள் என்றாலும், இரவில் அந்த எண்ணுக்கு ஓர் ஆளை அமர்த்தியே ஆக வேண்டும்.

சிகிச்சை முடிந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. வலக்கை விரல்களில் உணர்வு திரும்பிவிட்டது. இடக்கைப் பெருவிரலில் மரப்பு இன்னும் இருப்பதால், மெல்லிய நூலை விட்டுத் தடித்த நூல் லுங்கியை நெய்கிறார்.